ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று: மலையகத்தில் பழைய சின்னக் காரின் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய காரில் கோளாறு ஒன்று தலைகாட்டினால், அது எப்போது வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்திலா, இறக்கத்திலா, விடியற்காலைக் குளிரிலா, மழையிலா? ஏற்றத்தில் மட்டும் எஞ்சின் கொதித்தால் ஒரு காரணம், நின்ற இடத்தில் கொதித்தால் வேறு காரணம். இதைச் சொல்லாமல் "சூடாகுது, பாருங்க பாஸ்" என்று காரை விட்டுவிட்டு வந்தால், கராஜில் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார்கள். செலவு உங்கள் தலையில் விழும்.

இங்கே சொல்வது 1300 முதல் 1500 சிசி வரையான ஜப்பான் செடான்களுக்கு: நிசான் சன்னி எஃப்.பி. 14, எஃப்.பி. 15, டொயோட்டா கொரோலா 110, 121, இவற்றின் வயதையொத்த மற்றவை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தக் கார்கள் பல கை மாறிவிட்டன. பெயின்ட் பளபளப்பாக இருக்கும். உள்ளே எத்தனை பேர் கை வைத்தார்கள் என்பது தெரியாது. வாங்கப் போகிறவர்களும் இந்த அறிகுறிகளையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கப் போகும் நாளில், வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காலையில் போய் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஓட்டிப் பார்ப்பதும் டவுனுக்குள் ஒரு சுற்றோடு முடியக்கூடாது. குறைந்தது இருபது நிமிட ஏற்றமும் அதே அளவு இறக்கமும் வேண்டும். கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக இறம்பொடைக்கு ஏறும் பாதையோ, எல்ல–வெல்லவாய பாதையோ ஒரு காரைப் பற்றிச் சொல்வதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

ஏற்றத்தில் சூடேறுகிறது

சூட்டைக் காட்டும் மீற்றரின் ஊசி ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோவரை முழு வேகத்திலும் போடுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இன்னும் ஆவி வரவில்லை என்றால் ஓரம் கட்டி, எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்குகிறதா என்று பாருங்கள். ஆவி வந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். அரைமணி, முக்கால் மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். பாதையோரப் பீலித் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கிற எஞ்சினில் ஊற்றுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அலுமினிய ஹெட் வளைவதற்கும் வெடிப்பதற்கும் அந்தப் பழக்கமே பெரிய காரணம். ஆறிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

காரணத்தைத் தேடும்போது மலிவானதில் தொடங்குங்கள். ரேடியேட்டர் மூடியில் பெரும்பாலும் 0.9 என்று பொறித்திருக்கும். அது மூடி தாங்கும் அழுத்தம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி இருந்தால் அதே தண்ணீர் 115 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் அந்த இருபது பாகைப் பாதுகாப்பும் போய்விடும். கொழும்பில் ஒழுங்காக ஓடிய கார் நானுஓயா வந்ததும் கொதிப்பதற்கு இது ஒன்றே போதும். மூடியை மாற்றிப் பார்க்காமல் வேறு எதையும் கழற்ற விடாதீர்கள்.

அடுத்தது ஃபேன். ஏ.சி.யைப் போட்டதும் முன்னால் ஃபேன் சுற்ற வேண்டும். ஏ.சி. இல்லாமல் நிறுத்தி ஓடவிட்டாலும் ஊசி நடுவைத் தாண்டுமுன் அது தானாகச் சுற்றத் தொடங்க வேண்டும். நின்றால் சூடாகி, ஓடினால் இறங்கினால் சந்தேகம் ஃபேன், ரிலே, தெர்மோ சுவிட்ச் மீது. லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊரும்போது சூடேறி, சமதரையில் இறங்கினால் ஃபேனோடு ரேடியேட்டர் அடைப்பையும் பாருங்கள். எப்படி ஓட்டினாலும் ஏறினால் அடைப்பு, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளொக்குக்கும் நடுவிலுள்ள தகடு) ஆகிய மூன்றில் ஒன்று. அடைப்பைப் பார்க்க, சூடான எஞ்சினை நிறுத்தி, ஃபேன் வயர் பிளக்கைக் கழற்றிய பிறகு (எஞ்சின் நின்றாலும் ஃபேன் திடீரெனச் சுற்றும்) ரேடியேட்டர் முகப்பைக் கையால் தடவிப் பாருங்கள். சூட்டுக்கு நடுவே குளிர்ந்த திட்டுக்கள் தட்டுப்பட்டால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. பல வருடம் வெறும் தண்ணீரே ஊற்றிய காரில் இது எதிர்பார்க்க வேண்டியதே. கூலன்ட் குளிருக்காக மட்டும் போடுவதில்லை. துருவைத் தடுப்பதும் அதுதான். இந்தக் கார்களுக்கு மொத்தம் 5 முதல் 6 லீட்டர் வரை பிடிக்கும். பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா என்றும் கேளுங்கள். கழற்றி வீசிவிட்டு "இப்ப சூடாகாது" என்று தருகிற கராஜ்கள் உண்டு. மலையில் அது இரட்டை நட்டம். நீண்ட இறக்கத்தில் எஞ்சின் குளிர்ந்துபோகும்; கம்ப்யூட்டர் இன்னும் எஞ்சின் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும்; ஒயில் சேறாகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டே பைபாஸ் வழியை அடைக்கும் மூடியும் ஆகும். அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்து, ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும். பழையதைச் சோதிக்க ஒரு சட்டித் தண்ணீரும் தெர்மாமீட்டரும் போதும். 82 என்று பொறித்தது 82 பாகையில் திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க 95 அளவு வேண்டும். மேட்டுப் பகுதியில் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டுமுன்பே கொதித்துவிடும் என்பதால், பாதி திறந்தபடி நின்றதைப் பழுது என்று எறிந்துவிடாதீர்கள்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் அடையாளங்கள் தெளிவானவை. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும். மூடி போட்டு ஓட்டினால் எஞ்சின் சூடாகுமுன்னரே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். கூலன்ட் போத்தல் நிரம்பி வழியும், ரேடியேட்டரில் குறையும். ஒயில் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெள்ளைப் பசை இருந்தால் அவசரப்படாதீர்கள். குளிரான ஊரில் கடைக்கும் பள்ளிக்குமாகக் குறுகிய தூரமே ஓடும் காரில் அது வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம். ஒயில் குச்சியிலும் அதே பால் நிறம் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். கேஸ்கட் மாற்றினால் ஹெட்டைச் சமதளக் கோலும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் வகையைப் பொறுத்து 0.05 முதல் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு இருந்தால் சீவாமல் பூட்டக்கூடாது. அளக்காமல் பூட்டிய ஹெட் அடுத்த பெரிய ஏற்றத்திலேயே திரும்பக் கழற்ற வேண்டி வரும்.

கூலன்ட் நிரப்பும்போது காற்று நின்றுபோவது இன்னொரு தொல்லை. இதற்கு மலையே உதவும். முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, ஹீட்டரைச் சூட்டில் வையுங்கள். மெதுவாக ஊற்றி, ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை மூடியில்லாமல் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்பி மூடுங்கள்.

இறக்கத்தில் பிரேக் கைவிடுகிறது

மற்றக் கோளாறுகள் உங்களை வழியில் நிறுத்தும். இது நிறுத்தாமல் விட்டுவிடும். நானுஓயாவிலிருந்து ரதெல்லப் பக்கம் இறங்கும் குறுக்குப் பாதையில் நடந்த விபத்துக்கள் மலையகத்தில் யாருக்கும் புதிதல்ல. ஆகவே எந்த வகைக் கோளாறு என்பதைப் பிரித்துப் பாருங்கள்.

பெடல் ஸ்பொஞ்ச் மாதிரி அமிழ்ந்து, ஆறியதும் பழையபடி திரும்பினால் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதற்கு 140 பாகைதான் தரம். டொட் 4 என்றால் 230, 155. மூடுபனியும் மழையுமான ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது கட்டாயம். பழைய காரை வாங்கியிருந்தால் அந்தக் கிழமையே மாற்றுங்கள். ஒரு லீட்டர் டொட் 4 தாராளமாகப் போதும். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவிலுள்ள கறுப்பு ஒயிலை உறிஞ்சி எடுத்துப் புதியது நிரப்பி, ஒவ்வொரு சில்லிலும் தெளிவான ஒயில் வரும்வரை பிளீட் செய்யுங்கள், அதாவது பழைய ஒயிலையும் காற்றையும் வெளியேற்றுங்கள். வரிசை கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாவிட்டால் தூரமான பின் இடப்பக்கத்தில் தொடங்குங்கள். டப்பா வற்றினால் காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பெடல் இறுக்கமாகவே இருந்து, எரிந்த மணம் வீசி, கார் மட்டும் நிற்க மறுத்தால் பேட்களும் ஷூக்களும் சூட்டில் பிடிமானம் இழந்திருக்கின்றன. தேய்மானத்தை அளந்து, மலிவுப் பேட் போட்டிருந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்சத் தடிப்பையும் பாருங்கள். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. ஸ்டியரிங் நடுங்குவதும் அதனால்தான்.

சிக்னலில் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர். ஒரு பக்கமாக இழுத்தால் கெலிப்பர் பிஸ்டனோ ஸ்லைட் பின்னோ துருவில் இறுகியிருக்கிறது. இறக்கம் முடிந்ததும் நான்கு சில்லுக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அதுதான். தொடக்கம் முதலே பெடல் கல்லாக இருந்தால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர். எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று உள்ளே இறங்கினால் பூஸ்டர் நல்லது.

எத்தனை நல்ல பிரேக்கும் தவறான கியரைச் சமாளிக்காது. ஏறும்போது எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோமெட்டிக் கியர் காரில் ஓவர்டிரைவை நிறுத்தி, 2 அல்லது எல்-க்கு மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது கணக்கிலும் தவறு. இன்ஜெக்ஷன் கார் கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர்கள் பெட்ரோலை வெட்டிவிடும்; நியூட்ரலில் ஐட்லிங் ஓடப் பெட்ரோல் செலவாகும். எஞ்சினை நிறுத்தி உருட்டினால் இரண்டு மூன்று மிதிப்போடு பூஸ்டரின் உதவியும் நின்றுவிடும்.

நடுவழியில் பெடல் அமிழ்ந்தால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக் பொத்தானை அமுக்கியபடி படிப்படியாக இழுங்கள். கடைசி வழி, பள்ளத்துப் பக்கத்தை விட்டு மண்மேட்டுப் பக்கம் உரசவிடுவது.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படிகிற விடியல்களில், பலவீனமான பெட்டரி தன்னைக் காட்டிக்கொடுக்கும். இரவு முழுக்க நின்ற பெட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பெட்டரி முடிந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வராவிட்டால் ஆல்டர்னேட்டர். பெட்டரி நல்லதாக இருந்தும் சோம்பலாகச் சுற்றினால், எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவிலுள்ள எர்த் வயரைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூட்டுங்கள். ஒயில் 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தாலும் இதே சோம்பல் வரும். மேட்டு நிலத்துக் குளிருக்கு 10டபிள்யூ-30 பொருத்தம்.

நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பொறியும் பெட்ரோலும். நிசானில் சாவியை ஓன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் சில விநாடி பம்ப் இரையும். இரையாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். கொரோலா 110-இல் சுற்றும்போது மட்டுமே பம்ப் ஓடும், ஆகவே மௌனத்தை வைத்துக் குற்றம் சொல்லாதீர்கள். அக்ஸிலரேட்டரை மிதித்தால்தான் பற்றுகிறது, சூடானதும் எல்லாம் சரி என்றால் ஐட்லிங் வால்வில் கரி படிந்திருக்கும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குரிய கூலன்ட் சென்சர்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை

நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் பலமும் அந்த அளவு குறையும். இது கோளாறு அல்ல, ஏற்றுக்கொள்ள வேண்டியது. கார்புரேட்டர் காராக இருந்தால் இன்னும் மோசம். கொழும்பில் டியூன் செய்தது மேலே வந்ததும் பெட்ரோல் அதிகமாகி, பிளக் கறுத்து, மணக்கும்.

அதற்கும் மேலே பலம் குறைந்தால் முதலில் கிளட்ச். நான்காம் கியரில் ஏற்றத்தில் அழுத்திப் பாருங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்கின் பின்பக்க ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான்.

இரைச்சலும் ஏறவில்லை என்றால் ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், புகைக்குழாயில் அடைபட்ட கெட்டலிட்டிக் என்று போங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். புத்தகத்தில் 13 கிலோ என்றிருந்தாலும் உயரத்தில் கேஜ் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைத்துக் காட்டும். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

மழையிலும் மூடுபனியிலும் அடித்து அடித்து ஓடுகிறது

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்களில் அதன் மூடி, ரோட்டர், பிளக் வயர்கள். இருட்டில் பொனட்டைத் திறந்து ஓடவிட்டால் வயர்களில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். சன்னி எஃப்.பி. 14-இல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒயில் கசிவது அறிந்த நோய். மூடியைக் கழற்றி உள்ளே ஈர ஒயில் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். பிளக் குழிக்குள் ஒயில் நின்றால் டெப்பட் கவர் பக்கிங்கும் குழி சீல்களும். எஃப்.பி. 15-க்கும் 121-க்கும் பிளக்கின் மேலேயே கொயில் இருக்கிறது. மிஸ் ஆகும் சிலிண்டரின் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் கொயில்தான்.

கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிகிறது

ஏ.சி.யைப் போட்டு, ஹீட்டரையும் சேர்த்து, வெளிக்காற்றுப் பக்கம் வையுங்கள். அப்படியும் விடாவிட்டால் மிதியடியைத் தூக்கிக் கம்பளத்தை அமுக்கிப் பாருங்கள். மழைத்தண்ணீர் என்றால் கதவு ரப்பரோ, வைப்பருக்கு அடியில் சருகு அடைத்த வடிகாலோ. இனித்த மணத்தோடு கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிந்தால் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர், ஒழுகுகிறது. பல கார்களில் அதைச் சரி செய்யாமல் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று பூட்டியிருப்பார்கள். காசு பேசுமுன் ஹீட்டர் சுடுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். நனைந்த கம்பளத்துக்குக் கீழே தரைத் தகடும் உக்கியிருக்கும். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் சத்தம் சொல்லும். சீட் தண்டவாளத்திலும் பெல்ட்டின் அடிப்பகுதியிலும் வண்டல் படிந்திருந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். விலை என்னவானாலும் வேண்டாம்.

புகை

நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது பின்னால் ஒரு கொத்து நீலப் புகை வந்தால் வால்வ் சீல். இறக்கத்தில் மனிபோல்ட் வெற்றிடம் கூடி, ரப்பர் காய்ந்த சீல் வழியாக ஒயிலை உறிஞ்சுகிறது. சமதரையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஏற்றத்தில் தொடர்ச்சியாக நீலம் என்றால் ரிங். அந்தக் காரை விடுங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். புகைப் பரிசோதனையிலும் தோற்கும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளை, கேஸ்கட்.

வளைவில் சத்தம்

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஏறும்போது டக்-டக் என்றால் சில்லைச் சுழற்றும் தண்டின் வெளிப்பக்க சி.வி. ஜொயின்ட், ரப்பர் பூட் கிழிந்திருக்கும். குழியில் விழும்போது மட்டும் தட்டினால் லோவர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க். வேகத்தோடு கூடி, வளைவில் மாறும் இரைச்சல், வீல் பேரிங். எஃப்.பி. 15-இல் குளிரில் எஞ்சின் முன்பக்கம் கரகரத்தால் டைமிங் செயின் நீண்டிருக்கலாம். பெரிய செலவு, விலையில் கழியுங்கள். கொரோலா 110-க்கு செயின் இல்லை, பெல்ட். மாற்றியதற்குப் பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றுங்கள்.

பேப்பர்

செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு நீங்களே ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றிய கார்கள் நிறைய. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிந்திருக்க வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் சான்றிதழில் இருந்தால் அதை நீக்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் கை மாறிய காரென்றால், பதிவிலுள்ள உரிமையாளரை நேரில் பார்க்கும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம்.